சோனகதெருவில் தைத்த அரபு உடுப்பு

யாழ்ப்பாணத்து நாடக வரலாறு என்றதும் நாம் அண்ணாவிமாரையும் நடிகர்களையும் நினைப்போம். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம், கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் பூந்தான் யோசேப்பு போன்றவர்கள் வளர்த்த கூத்து, 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடக்கிவைத்த திருமறைக் கலாமன்றம் என்று அந்தப் பட்டியல் நீளும். பாடியவரும் ஆடியவரும் மத்தளம் அடித்தவரும் நினைவில் நிற்பார்கள். உடுப்புத் தைத்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

என் வாப்பா உடுப்புத் தைத்தவர். வீடு சோனகதெருவில். பெரிய கடைப் பக்கம் இரண்டு தையல் மெசினோடு ஒரு சிறிய கடை. யாழ்ப்பாண முஸ்லிம்கள் என்று பேச்சு வந்தால், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் எங்கள் தெருவில் பல வீடுகளின் அடுப்பு எரிந்தது ஊசியாலும் நூலாலும்தான். பள்ளிக்கூடச் சட்டை, கலியாணக் கோட்டு, கோவில் திருவிழாவுக்குப் பட்டுப் பாவாடை, பெருநாளைக்குக் குப்பாயம் எல்லாம் எங்கள் ஆட்களின் கையால் தைபட்டன. யாழ்ப்பாணத்தவர் எந்தச் சமயத்தவராயினும், அவர் உடம்பின் அளவு ஏதோவொரு சோனகதெருக் கொப்பியில் இருந்திருக்கும்.

இந்தக் கட்டுரை 1973ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் வாப்பா தைத்த ஒரேயோர் உடுப்பைப் பற்றியது. அப்போது எனக்குப் பத்து வயது.

கடற்கரைப் பக்கத்துக் கோவிற்பற்று ஒன்றிலிருந்து சில இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். ஸ்நாபக அருளப்பரின் கதையை நாடகமாகப் போடப்போவதாகவும், ஏரோது அரசனின் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடும் காட்சிக்கு உடுப்பு வேண்டுமென்றும் சொன்னார்கள். சினிமாச் சஞ்சிகையிலிருந்து கத்தரித்த ஒரு படத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். மார்புக் கச்சு, திறந்த வயிறு, இடுப்பில் மணிக்குஞ்சம் தொங்கும் பட்டி, கீழே மெல்லிய பாவாடை. “அரபு டான்ஸ் உடுப்பு நானா. உங்கட ஆக்களின்ர உடுப்புத்தானே, உங்களுக்குத் தெரியும்” என்றார் அவர்களில் ஒருவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

வாப்பா அன்றிரவு சாப்பிடும்போது உம்மாவிடம் இரண்டு சங்கடங்களைச் சொன்னார். ஒன்று, எந்த அரபிப் பெண் இப்படி உடுத்தினாள் என்பது. மற்றது அதைவிடப் பெரிது. அருளப்பர் என்று அவர்கள் சொல்வது எங்கள் யஹ்யா நபியை (அலை). அந்த ஆட்டத்துக்குக் கூலியாகக் கேட்கப்பட்டது அவருடைய தலை. “ஒரு நபியிட தலைக்கு ஆடினவளிட உடுப்பை அழகாத் தைக்கிறதா, அசிங்கமாத் தைக்கிறதா?” என்று வாப்பா கேட்டார். உம்மா, “ஆட்டம் வடிவா இல்லாட்டி அரசன் ஏன் மயங்கினான்? கதை பொய்யாப்போகும்” என்றார். அதோடு முடிந்தது. வாப்பா வேலையை ஏற்றார்.

முதற் சங்கடத்துக்கு விடை தேட எனக்கு இன்னும் முப்பது வருடங்கள் வேண்டியிருந்தன. வாப்பாவின் சந்தேகம் சரியானதே. எகிப்தில் தெருவிலும் விருந்திலும் ஆடிய கவாஸி எனப்பட்ட பெண்களைப் பற்றி எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1836இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். நடுத்தர வீட்டுப் பெண்கள் வீட்டுக்குள் உடுத்தும் நீண்ட மேலங்கியையும் அகன்ற காற்சட்டையையும் போன்றதே அவர்களின் உடையும் என்பது அவருடைய விவரிப்பு. 1834இல் ஆட்சியாளர் முகம்மது அலி அவர்களின் பகிரங்க ஆட்டத்தைக் கெய்ரோவில் தடைசெய்தார். அவர்கள் தெற்கே எஸ்னா போன்ற ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் ஊரிலிருந்து ஒரு கூட்டத்தாரை அனுப்பிவிட்டால் அவர்களின் கலை என்னவாகும் என்பதை அந்த வரலாற்றில் படிக்கலாம். எங்களுக்கு அதைப் புத்தகத்தில்தான் படிக்கவேண்டும் என்றில்லை.

கச்சும் பட்டியும் வந்த வழி வேறு. விவிலியம் அந்தப் பெண்ணின் பெயரையோ உடையையோ சொல்லவில்லை. சலோமி என்ற பெயர் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தந்தது. ‘ஏழு திரைகளின் நடனம்’ என்பது 1891இல் ஒஸ்கார் வைல்ட் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாடகத்தில் வந்தது. 1905இல் ரிச்சார்ட் ஸ்ட்ராஸ் அதை இசைநாடகமாக்கினார். 1906இல் வியன்னாவில் மோட் அலன் என்ற நடனமாது மணி கோத்த மார்புக் கவசமும் மெல்லிய பாவாடையும் அணிந்து சலோமியாக ஆடினார். ஐரோப்பிய மேடையில் பிறந்த இந்தக் கீழைத்தேயக் கற்பனை பின்னர் ஹொலிவூட் படங்களில் ஏறியது. 1926இல் கெய்ரோவில் பதீஆ மஸாப்னி தொடங்கிய அரங்கில், வெளிநாட்டாரும் உள்ளூர்ச் செல்வந்தரும் பார்க்க, எகிப்திய ஆட்டக்காரிகளே அந்த உடுப்பை அணிந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பத்லா’. ஒரு சோடி உடுப்பு என்பதைத் தவிர அந்தச் சொல்லில் வேறு இரகசியம் எதுவும் இல்லை.

அந்த அரங்கில் வளர்ந்த சாமியா கமால் 1954இல் பிரெஞ்சு மொழி அலிபாபாப் படத்தில் ஆடினார். இரண்டு வருடத்தில், 1956இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தது. பாரிஸ், ஹொலிவூட், கெய்ரோ, பம்பாய், சென்னை என்று ஊர் சுற்றிய ஓர் உடுப்பு கடைசியில் ஒரு கத்தரித்த படமாக எங்கள் கடைக்கு வந்து, அதை எங்கள் சொத்து என்றும் சொல்லிவிட்டது.

இனித் தைத்த கதை.

அக்காலக் கூத்துகளில் பெண் வேடம் ஆண்கள்தான் கட்டினார்கள். அந்த நாடகத்திலும் அப்படியே. ஆடப்போகிறவன் பதினாறு வயதுப் பொடியன், தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். வலை இழுத்து அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு. வாப்பா அளவு நாடாவைக் கையில் எடுக்கவில்லை. “முதல்ல ஆடிக் காட்டு தம்பி” என்றார். பொடியன் வெட்கப்பட்டான். பிறகு ஆடினான். வாப்பா கை தூக்கியபோது ஒருமுறை, குனிந்தபோது ஒருமுறை, ஆடி மூச்சு வாங்கியபோது ஒருமுறை என்று மூன்று தரம் நெஞ்சை அளந்தார். நிற்கிற உடம்புக்குத் தைத்தால் ஆடுகிற உடம்பில் தெறித்துவிடும் என்பது அவருடைய பாடம்.

கச்சுக்குள் இலவம்பஞ்சு வைத்தார். தோள்வாரை நேராகப் போடாமல் முதுகில் குறுக்காக மாற்றினார். நேர்வார் அகன்ற தோளில் நிற்கும், ஆனால் கையைத் தூக்கினால் கச்சையும் சேர்த்துத் தூக்கும். குறுக்குவார் அதை இடத்தில் வைத்திருக்கும்.

பட்டிதான் கடினமானது. நீளத்துண்டை நேராக வெட்டி இடுப்பில் சுற்றினால் மேல்விளிம்பு கடகத்தின் வாய் போல உடம்பை விட்டு விலகி நிற்கும். எனவே வாப்பா பழைய பத்திரிகைத் தாளில் மூன்று தரம் வெட்டிப்பார்த்து, மேலே குறுகிக் கீழே விரியும் வளைவாக அச்சு எடுத்தார். உள்ளே கஞ்சி போட்ட கோதுமை மா மூட்டைத் துணி இரண்டு மடிப்பு, அதன்மேல் காக்கித் துணி, எல்லாவற்றுக்கும் மேல் சிவப்பு சாட்டின். கொக்கிகளை ஒரு வரிசையோடு நிறுத்தாமல் மூன்று வரிசை வைத்தார்.

ஆனாலும் பட்டி நிற்கவில்லை. மணியின் பாரம் இடுப்பெலும்பில் தங்கவேண்டும். பொடியனிடம் அதற்குப் பிடிமானம் இல்லை. ஆடத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே அது வழுகியது. திறந்த வயிற்றைப் பற்றி வாப்பாவுக்கு முதலே மனக்குறை இருந்தது. இரண்டுக்கும் ஒரே வழி கண்டார். மல் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, பொடியனின் தோல் நிறத்துக்குக் கொண்டுவந்து, கச்சின் கீழ்விளிம்பையும் பட்டியின் மேல்விளிம்பையும் அதனால் இணைத்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் வயிறு திறந்ததுபோல இருக்கும். கிட்ட வந்தால் மூடியிருக்கும். பட்டியின் பாரத்தை இப்போது தோள் தாங்கியது. பள்ளிவாசலில் ஒருவர் இந்த வேலையைப் பற்றிக் குறை சொன்னபோது, “உடுக்கிறது ஆம்பிளைப் பொடியன். வயிறு மூடியிருக்கு. சொல்றது யஹ்யா நபியிட ஷஹாதத். இதில எதைத் திருத்தணும், சொல்லுங்க” என்றாராம். எகிப்தில் 1950களில் அரசாங்கம் ஆட்டக்காரிகளின் வயிற்றை மெல்லிய துணியால் மூடவேண்டுமென்று விதித்ததை நான் பின்னாளில் வாசித்தபோது சிரிப்பு வந்தது. ஆணை போட்டு அவர்கள் செய்வித்ததைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்த ஒரு துணியால் வாப்பா செய்திருக்கிறார்.

மணிக்கு எங்கே போவது? 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. துணிக்கே தட்டுப்பாடு; கண்ணாடிமணியும் சமிக்கியும் கடையில் கிடையாது. வாப்பா பழைய கூத்துடுப்புகளை விலைக்கு வாங்கிப் பிரித்தார். கூத்தில் அரசன் கட்டும் கரப்புடுப்பு, கோழி மூடும் கரப்புப் போல வளையம் வைத்து விரிந்து நிற்பது. விடியவிடிய எண்ணெய் விளக்கிலும் பெற்றோமாக்சிலும் ஆடிய கூத்தில் முகம் தெரியாத தூரத்தில் இருப்பவனுக்கும் அரசனைக் காட்டிக்கொடுத்தது அந்த உடுப்பின் மினுக்கம்தான். ஆகவே அதில் மணியும் கண்ணாடித் துண்டும் தாராளமாக இருக்கும். மின்விளக்கு வந்தபின் அவ்வளவு பாரம் தேவைப்படவில்லை. எந்தத் துரியோதனனின் மணி எங்கள் ஏரோதியாள் மகளின் இடுப்புக்கு வந்ததோ யாருக்குத் தெரியும்.

மணி கோத்தது உம்மாவும் ராத்தாவும் நானும். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இரட்டையாக்கி, ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியே முடிந்து வெட்டவேண்டும். ஒரே நூலில் எல்லாவற்றையும் கோர்த்தால் வேலை சுருக்காக முடியும். ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் மேடை முழுக்க மணி உருளும். மெழுகு பூசாத நூலைக் கண்ணாடி மணியின் விளிம்பு அறுத்துவிடும். இரவில் அரிக்கன் விளக்கைச் சுற்றியிருந்து கோத்தோம். தொண்ணூற்றாறு சரம். ஆட்டத்தை நாங்கள் மூவரும் பார்க்கவில்லை.

உடுப்பைக் கொடுத்தபோது வாப்பா பொடியனுக்குச் சொன்னவை எனக்குப் பாடம். இதை ஒருபோதும் தண்ணீரில் நனைக்காதே. கஞ்சி கரையும், சிவப்பு ஊறும். அக்குளில் வைத்திருக்கும் பருத்தித் துண்டு தளர்தையலில் நிற்கிறது. அதை மட்டும் பிரித்துக் கழுவிக் காயவைத்துத் திரும்பத் தை. ஆடி முடிந்ததும் மூடிவைக்காதே. உட்பக்கம் வெளியே வரப் புரட்டி ஒரு நாள் நிழற்காற்றில் வை, வெயிலில் வைக்காதே. கொடியில் தொங்கவிடாதே. மணியின் பாரம் துணியை இழுத்துக் கிழிக்கும். பழைய வெள்ளைவேட்டியில் சுற்றிப் படுக்கையாக வை. பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது, கறுக்கும். பொலித்தீன் வேண்டாம், வேர்க்கும். பனையோலைப் பெட்டி நல்லது, காற்று போய்வரும். உங்கள் பக்கம் உப்புக்காற்று. வருசத்துக்கு ஒருதரமாவது எடுத்துப் பார். கடைசியாக, கொக்கியைப் பூட்டி வைக்காதே, வளைவு செத்துப்போகும்.

பொடியன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கேட்டானா என்று வாப்பாவுக்குச் சந்தேகம்.

அதன்பின் நடந்தவை வாசகர் அறிந்தவை. 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களும், 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். எண்ணிக்கையும் திகதியும் அறிக்கைகளில் இருக்கின்றன. அறிக்கையில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். முப்பது வருட அளவுகள் எழுதிய வாப்பாவின் கொப்பிகள் வரவில்லை. அவரைப் பிடித்த படம் ஒன்றும் வரவில்லை. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் அவர் நான்கு வருடம் இருந்தார். இரவல் மெசினில் தலையணை உறை தைத்தார். 1994இல் மௌத்தானார். அவருடைய கையெழுத்து என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

அடுத்த வருடம், 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கியதால் வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றல்ல. காரணமும் வேறு, திரும்பிய காலமும் வேறு. நாட்காட்டியில் மட்டும் ஒரே நாள்.

போர் முடிந்தபின் மாமா மகன் சோனகதெருவில் மீண்டும் ஒரு தையற்கடை திறந்தான். 2012இல் நான் அங்கே போயிருந்தபோது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பனையோலைப் பெட்டியோடு வந்தார். “இது அந்த நானாவின்ர ஆக்களின்ர கடையோ?” என்று கேட்டார். நான் மகள் என்றதும் பெட்டியை மேசையில் வைத்தார். வெள்ளைவேட்டிச் சுற்றைப் பிரித்தார். சிவப்பு மங்கியிருந்தது. கச்சும் மல் துணியும் நைந்து எப்போதோ போய்விட்டன. பட்டி இருந்தது.

இத்தனை காலம் எப்படித் தப்பியது என்று கேட்டேன். காணி உறுதியையும் தாலிக்கொடியையும் தாயார் அந்தப் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். 1995இல் அவற்றுக்காகப் பெட்டியைத் தூக்கினார்கள்; பட்டியும் கூடவே போய் வந்தது. “நானா சொன்னமாதிரித்தான் வைச்சிருக்கிறன் தங்கச்சி. ஒவ்வொரு தவக்காலமும் எடுத்து நிழலில போடுவன். ரண்டு சரம் அறுந்திட்டுது. கண்டவையிட்டக் குடுக்க மனம் வரேல்லை.”

எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு சரம் இருந்தது. கொக்கிகள் பூட்டப்படாமல் இருந்தன.

சரத்தை மீண்டும் முடிய, உட்துணியைக் கொஞ்சம் பிரிக்கவேண்டும். பிரித்தேன். மா மூட்டைத் துணியில், கழுவியும் போகாத ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில், ஊதாநிறப் பென்சிலால் வலமிருந்து இடமாக இரண்டு வரி இருந்தது. வாப்பா ஓதப்பள்ளிக்கு மட்டும் போனவர். அவருக்குத் தெரிந்த எழுத்து அரபெழுத்து. தெரிந்த மொழி தமிழ். தன் கணக்கு எல்லாவற்றையும் அரபுத்தமிழிலேயே எழுதுவார். எழுத்துக்கூட்டி வாசித்தேன்: இடுப்பு இருபத்தெட்டு. கொக்கியில் மூன்று கூட விட்டிருக்கு, பொடியன் வளருவான்.

அந்த உடுப்பில் வெளியே அரபு என்று எல்லோரும் பார்த்தது அரபியுடையதல்ல. உள்ளே யாரும் பாராத இடத்தில் இருந்த அரபெழுத்து தமிழ் பேசியது. யாழ்ப்பாணத்தில் எங்களை யாரென்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள ஆவணம் அதுதான்.

நான் அழுததைக் கண்டு அவர் பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் பட்டியை என் பக்கம் தள்ளி, “கொண்டு போங்கோ தங்கச்சி, இது உங்கட” என்றார். எடுத்துக்கொள்ள மனம் துடித்தது. ஆனால் எங்களிடம் இருந்திருந்தால் அது எப்போதோ போயிருக்கும். அவர் தலையாட்டியது வெறும் தலையாட்டல் அல்ல என்பதை வாப்பா அறியாமலே போனார். நான் அந்த இரண்டு வரியையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். இரண்டு சரத்தையும் மெழுகுநூலில் முடிந்தேன். உட்துணியை வாப்பா விட்ட அதே தையலில் மூடினேன்.

கூலி எவ்வளவு என்று அவர் கேட்டார். மாமா மகன் என்னைப் பார்த்தான். ஐம்பது ரூபாய் என்றேன். வாப்பா யாருக்கும் இனாமாகத் தைத்ததில்லை. அவர் காசைத் தந்துவிட்டு, பட்டியை வேட்டியில் சுற்றிப் படுக்கையாகப் பெட்டியில் வைத்தார். மூடுமுன் கொக்கிகளை ஒருதரம் தடவிப்பார்த்துக்கொண்டார்.